ஓரம் மூடாத விரிப்பு

பெண் பார்க்க வருகிற நாளில் நம் வீடுகளின் முன்னறை எப்படி மாறிப்போகும் என்று உங்களுக்கும் நினைவிருக்கும். வழக்கமாக அங்கே கிடக்கிற அரிசி மூட்டையும் சைக்கிளும் பின்கட்டுக்குப் போய்விடும். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் நூலால் பின்னிய இரண்டு கிளிகள் வந்து உட்காரும். கட்டிலின் மேல் ரோஜாப் பூப் போட்ட தலையணை உறைகள், ரேடியோவுக்கு ஒரு குல்லாய், கதவு நிலையில் மணி கோத்த தோரணம், மூலையில் ஒயர் கூடை. வந்தவர்கள் காப்பி டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு சுற்றிலும் பார்ப்பார்கள். அப்போது வீட்டுப் பெரியவர் ஒருவர், யாரும் கேட்காமலேயே, "எல்லாம் எங்க பொண்ணு கையால செஞ்சது" என்பார். வந்தவர்கள் தலையை ஆட்டுவார்கள். அதற்கு மேல் யாரும் விசாரிப்பதில்லை. விசாரிக்காமல் இருப்பதும் அந்தச் சடங்கில் ஒரு பகுதிதான்.

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் அந்த வாக்கியத்தைச் சொல்வதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் வீட்டில் ஊசி பிடிக்கத் தெரிந்த ஒரே ஆள் என் அப்பா.

அப்பா ராணுவத்தில் லாரி ஓட்டியவர். பனி விழுகிற மலைப்பகுதியில் வேலை. கையுறை கிழிந்தால், புதிது வந்து சேர்கிற வரைக்கும் விரல் தாங்காது என்பதால் அங்கே எல்லோரும் தைக்கப் பழகினார்கள். அப்பாவுக்கு மட்டும் அது பிடித்துப்போனது. முகாம் சமையல் நாக்குக்கு ஒத்துவராததால், லீவு நாளில் தனியாக ஸ்டவ் மூட்டிச் சமையலும் பழகினார். ஓய்வு பெற்று ஊருக்கு வந்து ஒரு பஞ்சாலை கேட்டில் காவலுக்குச் சேர்ந்த பிறகு இந்த இரண்டுக்கும் தேவை இல்லை. வீட்டில் அம்மா இருந்தார், தெருவில் டெய்லர் இருந்தார். ஆனாலும் வேலை முடிந்து வந்து, குளித்து, காப்பி குடித்ததும் அவருடைய கால் தானாகத் தையல் மெஷின் பக்கம் போகும்.

மெஷின் ஜன்னலோரம் இருந்தது. கறுப்பு உடம்பில் பொன்னிறப் பூக்கொடி வரைந்தது. அப்பாவின் கை படுகிற இடத்தில் மட்டும் பூக்கள் அழிந்திருந்தன. மெஷின் எண்ணெயும் புதுத் துணியின் கஞ்சியும் கலந்த ஒரு வாசனை அந்த மூலைக்கு உண்டு. துணியை அவர் கடையில் வாங்கியது குறைவு. மில்லில் கழித்துப் போட்ட துண்டுகள், சத்திரப்பட்டி பக்கத்துத் தறிகளில் நெய்கிற பேண்டேஜ் துணியின் மிச்சம், அம்மாவின் பழைய சேலைக் கரைகள். இவற்றை நிறம் பார்த்து, தடிமன் பார்த்து, தனித்தனி பிஸ்கட் டின்களில் அடுக்கியிருப்பார். எந்தப் பொருளையும் அதற்குரிய இடத்தில் வைக்கிற என் பழக்கம் அந்த டின்களிலிருந்து வந்தது என்றுதான் நினைக்கிறேன்.

அவர் தைத்தவை எல்லாம் யாருக்காவது போய்ச் சேர்ந்தன. மழையில் கடிதங்களைச் சட்டைக்குள் வைத்துக் காப்பாற்றிய தபால்காரருக்கு உள்ளே பிளாஸ்டிக் தாள் வைத்துத் தைத்த பை. அம்மாவின் சோற்றுத் தூக்குக்குச் சூடு போகாத பஞ்சு உறை. எதிர்வீட்டில் தெலுங்கு பேசுகிற அம்மா ஒருவர் இருந்தார். அவருடைய மிக்ஸிக்கு, கழுத்தும் கையும் வைத்து, சின்னப் பிள்ளைக்குத் தைப்பதுபோல ஒரு சட்டை. அவர் அதை மாட்டிப் பார்த்துவிட்டு, "பாகுந்தி, பாகுந்தி. ரொம்ப நல்லாருக்கு. இதக் கழத்திட்டு அரைக்கவே மனசு வராது போல" என்று சிரித்தார். கொடுக்கும்போது அப்பா எதுவும் சொல்ல மாட்டார். பொருளை வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்க வந்தவர் மாதிரித் திரும்பிவிடுவார்.

எனக்குத் தைத்தது பென்சில் பை. பழைய யூனிபார்ம் சட்டையின் பையை, அதன் பித்தளைப் பொத்தானோடு அப்படியே வெட்டித் தைத்தது. பள்ளிக்கூடத்தில் அய்யனார் கோவில் ஆற்றுக்குக் கூட்டிப்போன அன்று, பாறை மேல் வைத்திருந்ததைத் திடீரென்று கூடிவந்த தண்ணீர் அடித்துப் போய்விட்டது. அதன் பிறகு எத்தனையோ பைகள் வாங்கியிருக்கிறேன். அந்தப் பொத்தானின் குளிர்ச்சி மட்டும் கட்டைவிரலுக்கு இன்னும் தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அடுப்படி அப்பாவுடையது. அம்மா மில்லில் நூல் சுற்றும் பிரிவில் ஷிப்ட் வேலை பார்த்தார். அன்று ஒரு நாள் முற்றத்தில் கால் நீட்டி உட்கார்ந்து தலை உலர்த்துவார். அப்பா வடக்கே பழகிய பூரியும் உருளைக்கிழங்கும் செய்வார். மாங்காய்க் காலத்தில் எங்கள் ஊர்ச் சப்பட்டை மாங்காயில் வெல்லம் போட்டுப் பச்சடி வைப்பார். உப்பு பார்க்க ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டு நக்குவது அவர் வழக்கம். அது என் பிள்ளைகள் வரைக்கும் வந்துவிட்டது.

"எங்க அம்மா என்னையக் கட்டிக் குடுக்கையில, அடுப்படியில நின்னே ஒம் பொழப்பு போயிரும்னு அழுதா," என்று அம்மா எதிர்வீட்டு அம்மாவிடம் சொல்வார். "இங்க வந்து பாத்தா அவிய எனக்கு நிக்கவே எடம் குடுக்க மாட்டேங்காக."

தெருவுக்கு இதெல்லாம் தெரியும். தெருவில் யாருக்கும் இது ஒரு செய்தியும் இல்லை. வெளியூரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்றபோதுதான் இது மறைக்க வேண்டிய விஷயமாக மாறியது.

பெண், என் அத்தை. அப்பாவின் ஒரே தங்கை. மில் ஆபீசில் டைப்பிஸ்ட். தாளைப் பார்த்துக்கொண்டே, விரலைப் பார்க்காமல் அடிப்பார். சைக்கிள் செயின் கழன்றால் நிமிஷத்தில் மாட்டிவிடுவார். ஓடாத ஃபேனைப் பிரித்து, துடைத்து, ஓட வைப்பார். ஊசி நூல் மட்டும் அவருக்கு ஆகாது. ஒருமுறை என் சட்டைக்குப் பொத்தான் தைக்கச் சொன்னதற்கு, மடியில் வைத்துத் தைத்து, சட்டையைத் தன் சேலையோடு சேர்த்துத் தைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

அவருக்கு ஏற்கெனவே வந்த வரன்கள் நின்றுபோயிருந்தன. கடைசியாக வந்தவர்கள், "வேலைக்குப் போற பொண்ணு வீட்டு வேல பாக்காது" என்று சொல்லி அனுப்பினார்கள். இந்தத் தடவை வரனைக் கொண்டுவந்தவர் பெரியப்பா. அப்பாவுக்கு அண்ணன், போலீஸ் ஏட்டு. மாப்பிள்ளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர், பால் சொசைட்டியில் வேலை. அவருக்கு அப்பா உயிரோடு இல்லை. அம்மா உண்டு, பிரசவத்துக்கு வந்திருக்கிற ஒரு தங்கை உண்டு. நல்ல இடம். பெரியப்பா முதல் நாளே வந்து வீட்டைத் தன் காவலில் எடுத்துக்கொண்டார்.

"ஏலே, நாளைக்கு அவிய இருக்க நேரம் நீ மெஷின் பக்கம் போகக் கூடாது. அடுப்படிப் பக்கமும் தலை காட்டக் கூடாது."

"அப்ப நான் எங்கதாண்ணே இருக்க?"

"மில்ட்டிரிக்காரன் மாதிரி வாசல்ல நில்லு."

"மில்ட்டிரியிலதான மச்சான் இதெல்லாம் படிச்சிட்டு வந்தாக," என்றார் அம்மா.

"நீ செத்த நேரம் சும்மா இரு தாயி. ஆம்பள தைக்கான், பொம்பள ஆபீஸ் போறான்னா, இது என்ன தலகீழா நிக்கிற குடும்பம்னு கேக்க மாட்டாகளா? நாளைக்கு இங்க இருக்கதெல்லாம் தங்கச்சி செஞ்சது. அம்புட்டுத்தான்."

அப்போது பெரியப்பாவின் மேல் எனக்குக் கோபம். அவர் தன் கௌரவத்துக்காகப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். இப்போது நானே பிள்ளைகளுக்கு வரன் பார்க்கிற வயதில் இருக்கிறேன். அவர் பயந்தது தங்கைக்காக. பயத்துக்குப் போலீஸ் குரல்தான் அவரிடம் இருந்தது.

பலகாரத்திலும் அவர் தலையிட்டார். அப்பா பூரி போடுகிறேன் என்றதற்கு, "வடக்கத்திப் பலகாரத்த இந்தப் பிள்ள எங்கருந்து படிச்சான்னு கேட்டா என்ன சொல்லுவ? நம்ம ஊருப் பலகாரமா செய்யி" என்றார். எனவே கேசரியும் வெங்காய பஜ்ஜியும். விடிந்ததும் அப்பா இரண்டையும் முடித்து, கையைக் கழுவி, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றார். சட்டையில் ஏலக்காய் வாசனை அடித்தது.

வந்தவர்களில் என் கண் மாப்பிள்ளையின் அம்மா மேல்தான் இருந்தது. உயரமானவர், அதிகம் பேசாதவர். மற்றவர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கட்டிலின் மேல் விரித்திருந்த ஒட்டுத்துணிப் போர்வையைத் தொட்டார். அது மில் துண்டுகளில் அப்பா தைத்தது. நிறம் கருக்கலிலிருந்து விடியலுக்கு மாறுவதுபோல, கருநீலத்தில் தொடங்கி மறுமுனையில் வெள்ளையில் முடியும். அவர் அதன் நுனியைப் புரட்டிப் பின்பக்கத்தைப் பார்த்தார். பின்பக்கமும் முன்பக்கம் போலவே இருந்தது. ஒரு முடிச்சு கிடையாது, தொங்குகிற நூல் கிடையாது.

"இம்புட்டும் நீ தைச்சதா தாயி?"

அத்தை பெரியப்பாவைப் பார்த்தார்.

"பள்ளிக்கூடத்துல படிக்கும்போதே ஊசி பிடிச்ச கையிம்மா அது," என்றார் பெரியப்பா.

அத்தை தலையைக் குனிந்துகொண்டார். பெண் பார்க்கிற இடத்தில் வெட்கத்துக்கும் அவமானத்துக்கும் வித்தியாசம் தெரியாது. எல்லோரும் அதை வெட்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா கேசரியை ஒரு வாய் வைத்து, "பதமா இருக்கு" என்றார். வாசலில் நின்ற அப்பா தன்னை மறந்து, "நெய்ய கடைசியிலதான்..." என்று தொடங்கினார். அம்மா இருமினார். அப்பா தெருவைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

பூ வைக்க வந்த அன்று இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று, மாப்பிள்ளை அத்தையிடம் தனியாக இரண்டு வார்த்தை பேசினார். "எந்த மெஷின்ல அடிக்கிய? ரிப்பன் நீங்களே மாத்துவியளா?" என்று அவர் கேட்டதாக அத்தை பிற்பாடு அம்மாவிடம் சொன்னார். ஒரு மனுஷன் தன் வேலையைப் பற்றிக் கேட்டது அதுவே முதல் முறை என்று சொல்லும்போது அத்தையின் முகம் எப்படி இருந்தது என்பது எனக்குத் தெரியும்; நான் பக்கத்தில் இருந்தேன்.

இரண்டாவது, மாப்பிள்ளையின் அம்மா ஒரு துணி மூட்டையை அத்தையின் மடியில் வைத்தார். உள்ளே மடித்த பழைய வேட்டி ஒன்று.

"இது அவிய கட்டுனது. போன பொறவு நான் இத யாருகிட்டயும் குடுக்கல. எம் மகளுக்குப் பிள்ள பொறக்கப்போகுது. தாத்தா மடியிலதான் கெடக்க முடியாது, வேட்டியிலயாவது கெடக்கட்டும். நீ எங்க வீட்டுக்கு வரப்போறவ. ஒங்கையால பிள்ளைக்கு ஒரு விரிப்பு தைச்சுக் குடு."

பிறந்த பிள்ளையைப் புதுத் துணியில் போடக் கூடாது, வீட்டுப் பெரியவர்கள் உடுத்திப் பழசான துணியில்தான் போட வேண்டும் என்பது நமக்கெல்லாம் தெரிந்த வழக்கம். அவர்கள் குடும்பத்தில் அதோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது. பிறக்காத பிள்ளைக்கு எதையும் முடித்து வைக்கக் கூடாது. விரிப்பில் மூன்று ஓரத்தை மூடி, நான்காவதைத் திறந்தே விட வேண்டும். பிள்ளை பிறந்து தொட்டில் போடுகிற அன்று, தைத்தவர் வந்து, எல்லோரும் பார்க்க, அந்தக் கடைசி ஓரத்தைக் கையால் தைத்து மூட வேண்டும். மூடியவரே பிள்ளையை முதலில் அதில் கிடத்த வேண்டும்.

அவர்கள் போன பிறகும் மூட்டை அத்தையின் மடியிலேயே இருந்தது. கடைசியில் பெரியப்பாதான் சொன்னார்.

"தம்பி தைக்கட்டும். அந்தக் கடைசி ஓரத்த மட்டும் நீ பழகிக்க. ஒரு சாண் தைக்கப் படிக்கிறது என்ன பெரிய வித்தையா?"

அப்பா வேட்டியைக் கஞ்சியில்லாமல் அலசி, நிழலில் உலர்த்தினார். பூச்சி உருண்டை வாசனை போக இரண்டு தடவை அலச வேண்டியிருந்தது. பிறகும் அவர் கத்தரியை எடுக்கவில்லை. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது. எப்போதோ முள்ளோ ஆணியோ இழுத்துக் கிழிந்த இடம். அதை யாரோ வெள்ளை நூலைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, நெய்த துணி மாதிரியே அடைத்திருந்தார்கள்.

"கிழிசல வெட்டி எறிஞ்சிட்டு மிச்சத்துல தையி அண்ணே," என்றார் அத்தை.

"இத வெட்டக் கூடாது," என்றார் அப்பா. "யாரோ உக்காந்து பொறுமையாப் பாத்திருக்காக. இந்தக் கைய வெட்ட எனக்கு மனசு வரல."

அந்த இடம் விரிப்பின் தலைப்பக்கத்து நடுவில் வருகிறமாதிரி மற்ற எல்லாவற்றையும் அளந்தார். வேட்டிக்கு நடுவே பேண்டேஜ் துணியை மடித்து மடித்து வைத்து, மெஷினில் ஓட்டாமல் கையாலேயே தைத்தார். மெஷின் தையல் பிள்ளை முதுகில் உறுத்தும் என்றார். அடைத்திருந்த இடத்துக்கு மேல் அவருடைய ஊசி போகவே இல்லை. சுற்றி வந்தது.

அதே நாட்களில் அத்தை மில் துண்டுகளில் ஓரம் தைத்துப் பழகினார். முதலில் தைத்த ஓரம் மலையேறுகிற பஸ் மாதிரி வளைந்து வளைந்து போனது. எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "ஏமி அம்மாயி? என்ன பொண்ணே, கோலமா போடுதே?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஆனால் அத்தை பிடிவாதக்காரர். ஆபீசிலிருந்து வந்ததும் உட்கார்ந்துவிடுவார். நாட்கள் போகப்போக ஓரம் நேராக வந்தது. ஒரு மாலை அப்பா அதை வாங்கிப் பார்த்து, "இது போதும். யாருக்கும் சந்தேகம் வராது" என்றார்.

"ஓரம் நேராத்தான் வருது அண்ணே. மனசுதான் வர மாட்டேங்குது."

அப்பா ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

"காலம் பூரா அந்த வீட்டுல எது கிழிஞ்சாலும் எங்கிட்டத்தான் வரும். ஒவ்வொன்னையும் ஒளிச்சு ஒளிச்சு ராஜபாளையத்துக்கு பஸ்ஸுல அனுப்பிக்கிட்டே இருப்பனா?" என்றார் அத்தை.

"அனுப்பு. தைச்சுத் தாரேன்."

"அதுக்குச் சொல்லல." அத்தை தைத்துப் பழகிய துண்டை மடித்து மடியில் வைத்தார். "உள்ளதச் சொன்னா இந்த எடம் போயிரும். எனக்கு இந்த எடம் போக வேண்டாம்ணே."

அப்பா எழுந்துபோய் அத்தைக்குப் பிடித்த மாதிரி வெங்காயம் நிறையப் போட்டுத் தோசை வார்த்துக் கொண்டுவந்தார். அவருக்குத் தெரிந்த பதில் அது.

பெண் குழந்தை பிறந்தது. தொட்டில் போடுகிற அன்று எல்லோரும் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். பிள்ளை பெற்றவளுக்கென்று அப்பா வைத்த பூண்டுக் குழம்புத் தூக்கு அம்மாவின் மடியில். அதன் வாசனைக்கு பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். விரிப்பு அத்தையின் மடியில். கோபுரம் தெரிந்ததும் அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். அத்தை கும்பிடவில்லை. விரிப்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

ஆண்கள் முன்னறையில் உட்கார்ந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் உள்ளறையில். எனவே இனிச் சொல்வது நானே பார்த்தது. கட்டிலில் மாப்பிள்ளையின் தங்கை, பக்கத்தில் முறத்தில் துணி சுற்றிய குழந்தை. சாம்பிராணிப் புகையும் வசம்பு வாசனையும். மாப்பிள்ளையின் அம்மா விரிப்பை வாங்கி, முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து, திரும்ப அத்தையின் மடியில் வைத்தார். நூல் கோத்த ஊசியை நீட்டினார்.

"தைச்சு மூடு தாயி. அவிய பாத்துக்கிட்டு இருப்பாக."

அத்தை ஊசியை வாங்கினார். முதல் குத்துக் குத்தினார். அது நேராகவே இருந்தது. அதோடு கை நின்றுவிட்டது. ஊசியைத் துணியிலிருந்து வெளியே இழுத்து எடுத்து, நிமிர்ந்து மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தார்.

"இத நான் தைக்கல அத்தை. எனக்குத் தைக்க வராது. இந்த ஓரத்த மட்டும் பழகிட்டு வந்தேன். மத்தது பூரா எங்க அண்ணன் தைச்சது."

மாப்பிள்ளையின் அம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தார்.

"எந்த அண்ணன்? போலீஸ்காரரா?"

"இல்ல. சின்னண்ணன்."

"அந்தப் போர்வை?"

"அதுவும் அண்ணன்."

"கேசரி?"

"அண்ணன்."

"பஜ்ஜியாவது நீ போட்டதா?"

"நான் வெங்காயம் உரிச்சேன்."

கட்டிலில் இருந்த மாப்பிள்ளையின் தங்கை சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பெரியப்பா கதவருகே வந்துவிட்டார். "சம்பந்தியம்மா, அது வந்து, நாங்க என்ன நினைச்சோம்னா..."

"நீங்க போலீஸ்காரரு. நீங்களே பொய்ச் சாட்சி சொன்னா மத்தவுக என்ன செய்வாக?" பெரியப்பா வாயை மூடிக்கொண்டார். என் அறிவுக்கு எட்டியவரை அவர் வாயை யாராவது மூடியது அதுதான் முதல் தடவை.

"எம்மா," என்றாள் கட்டிலில் இருந்தவள். "என்னையப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கு மாட்டி வச்ச கிளி, பூக்கூடை எல்லாம் யாரு தைச்சது? நீதான? எம் மாமியாரு இன்னைக்கு வரைக்கும் நான்னு நினைச்சிக்கிட்டு இருக்கா."

"ஏட்டி, நீ சும்மா இரு."

"பொறவு அவகளை மட்டும் ஏன் வைதே?"

"அது வேற, இது வேற." அந்த அம்மாவின் குரல் இறங்கியது. கோபம் போய் அந்த இடத்தில் வேறொன்று வந்திருந்தது. "தைக்கத் தெரியலன்னா போகுது. அது எனக்குப் பெருசில்ல. அவிய வேட்டிய நான் ஒருத்தரு கையிலயும் குடுக்காம வச்சிருந்தேன். வீட்டுக்கு வரப்போறவன்னு நம்பிக் குடுத்தேன். அத யாரோ வெட்டி, யாரோ தைச்சு..."

சொல்லிக்கொண்டே விரிப்பைத் தன் பக்கம் இழுத்தார். அதைத் தடவிய விரல் தலைப்பக்கத்து நடுவில் வந்து நின்றது. அவர் குனிந்து பார்த்தார். வெளிச்சம் போதாமல் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். வெள்ளை நூல் குறுக்கும் நெடுக்குமாக ஓடியிருந்தது. அதைச் சுற்றி அப்பாவின் தையல் ஒதுங்கிப் போயிருந்தது.

"இது நான் அடைச்சது," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "சைக்கிள்ல மாட்டிக் கிழிச்சிட்டு வந்தாக. புது வேட்டி. அன்னைக்கு நான் வைதுக்கிட்டே தைச்சேன்."

அத்தை அழுதுகொண்டிருந்தார். "வெட்டி எறின்னு நாந்தான் சொன்னேன். அண்ணன் மாட்டேன்னுட்டாக. தைச்ச கைய வெட்ட மனசு வரலன்னாக."

அந்த அம்மா அடைத்த இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். குழந்தை முனகத் தொடங்கியது. அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதவைப் பார்த்துச் சொன்னார்.

"அந்தத் தம்பிய உள்ள வரச் சொல்லுங்க."

அப்பா வந்தார். பெண்கள் நிறைந்த அந்த அறையில் எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"உக்காருங்க தம்பி. ஓரத்த நீங்களே மூடுங்க. பிள்ள காத்துக்கிட்டு இருக்கு."

அப்பா சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்தார். ஊசி கைக்கு வந்ததும் கூச்சமெல்லாம் அவரை விட்டுப் போய்விட்டது. அத்தை போட்ட அந்த ஒரு குத்தின் துளையிலிருந்தே தொடங்கினார். அறையில் இருந்த எல்லாப் பெண்களும் ஒரு ஆண் தைப்பதைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில், கை வேகத்தையும் குத்துகளின் சமத்தையும் மட்டும் பார்க்கத் தொடங்கினார்கள். முடிவில் அப்பா நூலை உள்ளுக்குள் ஓட்டி மறைத்து, பல்லால் கடிக்காமல், கத்தரி கேட்டு வாங்கி அறுத்தார். பிறகு எழுந்துகொள்ளப் பார்த்தார்.

"எங்க போறீக? மூடுனவுகதான் பிள்ளையக் கெடத்தணும்."

அவர்கள் வீட்டில் அதுவரை எந்த ஆணும் அதைச் செய்ததில்லை என்று பிற்பாடு சொன்னார்கள். அந்த அம்மா குழந்தையை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தார். லாரி ஓட்டித் தடித்துப்போன அந்தக் கைகள், தலையைத் தாங்கி, அடைத்த இடத்தின் மேல் அதை இறக்கி வைத்தன. குழந்தை ஒருமுறை நெளிந்து, அப்படியே தூங்கிவிட்டது.

அத்தை இன்னும் தலையைத் தூக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, ஒனக்கு என்னதான் வரும்?"

"டைப் அடிப்பேன். சைக்கிள் செயின் மாட்டுவேன். ஃபேன் ஓடலன்னா ஓட வைப்பேன். சோறு வடிப்பேன். கொழம்பு சுமாரா வைப்பேன்."

"எங்க வீட்டு மிக்ஸி ஒரு மாசமா ஓடல," என்றார் அந்த அம்மா. "தை மாசம் வரும்போது அதப் பாரு." பிறகு கதவருகே நின்ற பெரியப்பாவைப் பார்த்தார். "கல்யாணம் பேசுனபடியே நடக்கட்டும். ஆனா ஒண்ணு. அன்னைக்கு மண்டபத்துல அந்தப் போர்வைய எல்லாரும் பாக்க விரிச்சு வைக்கணும். யாரு தைச்சதுன்னு கேட்டா, உள்ளதச் சொல்லணும். நீங்கதான் சொல்லணும்."

தை மாதம் கல்யாணம் நடந்தது. மண்டபத்து வாசலை ஒட்டி மேசை மேல் போர்வை விரித்திருந்தது. பெரியப்பா அதன் பக்கத்தில், பாரா நிற்பவர் மாதிரி நின்றார். காலையில் யாராவது கேட்டால், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில், "தம்பி தைச்சது" என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்களோ என்று அவர்கள் முகத்தையே பார்ப்பார். அவர்கள் சிரிக்கவில்லை. பின்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். சிலர் அப்பா எங்கே என்று விசாரித்தார்கள். அப்பா சமையல்காரருக்குப் பக்கத்தில் நின்று சாம்பாரைப் புறங்கையில் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பாவின் குரல் பந்திக்குப் பந்தி ஏறியது. சாயங்காலம் நான் மணமக்களின் மாலைகளை உள்ளறையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது, அவர் மகாராஜபுரத்திலிருந்து தாமதமாக வந்த சொந்தக்காரர் ஒருவரைக் கையைப் பிடித்து மேசைக்கு இழுத்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் எதுவும் கேட்டிருக்கவில்லை. சாப்பிடத்தான் போய்க்கொண்டிருந்தார்.

"சோறு எங்க போகுது. மொதல்ல இதத் தொட்டுப் பாரும்," என்றார் பெரியப்பா. "எந் தம்பி தைச்சது."